யானை திருப்பிய டிஷ்

அஞ்செட்டி தாண்டி, பஸ் திரும்பும் புளியமரத்திலிருந்து
இரண்டு கிலோமீட்டர் நடை.
திம்மராயன் போனில் சொன்னது இவ்வளவுதான்:
"ராத்திரி ஆனை வந்துச்சு.
டிவி வேற என்னமோ பேசுது."

ராகிக் கொல்லையில் பாதியைக் காணோம்.
வேலிக் கம்பி சுருண்டு கிடக்கிறது.
எட்டடி டிஷ் மட்டும் விழவில்லை.
முதுகு சொறிந்துகொண்டு போயிருக்க வேண்டும்:
வலையில் சேறு,
சேற்றில் இரண்டு முடி, கேபிள் கம்பியைவிடத் தடிமனாக.

பதினாலு வருஷமாக டிஷ் திருப்புகிறேன்.
எங்கள் தொழிலில் எல்லாச் சேனலும் தெற்கேதான்.
எமன் திசை என்பார்கள்.
அங்கேதான் செய்தியும் சீரியலும் பக்தியும் பழைய படமும்
முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில்
ஒரே கொடியில் காய்கின்றன.
ஒரு சாண் தள்ளிக் கை வைத்தால்
அடுத்த வீட்டுச் சேலை.

மீட்டர் வைத்துப் பிடிக்க எனக்கு அரை மணி ஆகும்.
அது ஒரே உரசலில்.

உள்ளே யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.
காலையில் பையன் ரிமோட்டை எடுத்துத்
தேடு தேடு என்று அழுத்தியதில்
நூற்றுப் பதினாலில் ஏதோ ஒரு நாடு.
எழுத்தெல்லாம் கொக்கியும் சுழியுமாய்.
தாய்லாந்தோ, லாவோஸோ, நானென்ன கண்டேன்?
படகுத்துறை. மழை.
ஒரு பெண் குடையை விரிக்காமல் கையில் வைத்து நிற்கிறாள்.

ஈரக்கா கதை சொல்கிறாள், தமிழ் பாதி தெலுங்கு பாதி:
"அவன் இவ தம்பி. நெலத்த வித்துட்டான்.
சொல்லாமப் போறான்."
"தம்பி இல்லடி, புருஷன்."
"புருஷனுக்கு எவ இப்படி நிப்பா?"
அதன் பிறகு அந்த வீட்டில் கொஞ்ச நேரம்
படகு இன்ஜின் சத்தம் மட்டும்.

நான் பதிமூணாம் நம்பர் ஸ்பேனரோடு நிலைப்படியில்.
"சரி பண்ணட்டுமா?"
"இருப்பா. அவ கொடைய விரிக்கட்டும்."

விரிக்கவில்லை. விளம்பரம் வந்தது.
சோப்பு நுரை மட்டும் நம்ம ஊர் நுரை.
திரும்பி வந்தபோது வேறொரு கல்யாண வீடு,
யார் யாரோ சிரித்தார்கள்.
களி உருண்டையும் கீரையும் கொடுத்தாள் ஈரக்கா:
"போன வருஷத்து ராகி.
இந்த வருஷத்தது அது தின்னுடுச்சு."
தின்று முடித்தும் அந்தப் பெண் வரவில்லை.
பெயர்கள் கீழிருந்து மேலே ஓடின. கடைசிவரை பார்த்தோம்,
ஒன்றைக்கூடப் படிக்கத் தெரியாமல்.

மூன்று மணிக்குத் திருப்பினேன்.
வானத்தில் நாலரை டிகிரி, கொல்லையில் ஒரு முழம்.
தெலுங்கு வந்தது, கன்னடம் வந்தது,
தமிழில் தங்கம் விலை வந்தது.
எல்லாம் புரிந்தது.
பையன் எழுந்து வெளியே போய்விட்டான்.

போல்ட்டை முறுக்கும்போது பின்னால் ஈரக்கா,
கையில் வெற்றிலைச் சுண்ணாம்பு:
"அது வச்ச எடத்துல ஒரு கோடு போடு."
"மழைக்குக் கரைஞ்சிடும்க்கா."
ரம்பத்தால் குழாயில் கீறினேன்.
"எதுக்கு?" என்றான் திம்மராயன்.
அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கூலி முந்நூற்றைம்பது.
பஸ்ஸுக்கு நிற்கையில் நோட்டில் குறித்தேன்:
எண்பத்துமூன்று, வாடிக்கை.
எழுபத்தெட்டரை, யானை.

வலையில் இருந்த சேற்றைத் துடைக்கவில்லை.
சிக்னலுக்கு அது தடையில்லை.