கிளாரினெட் பொய் சொல்லவில்லை

வெண்டல் தன் கிளாரினெட்டோடு வந்த அன்று
வின்னிபெக்கில் குளிர் மைனஸ் முப்பத்தொன்று.
மீசைப் பனி உருகும்வரை காத்திருந்து
ஒரு ஸ்வரம் ஊதினான். நான் ஒரு கட்டை அழுத்தினேன்.
இரண்டும் ஒன்றையொன்று முறைத்தன.

"உன் கருவிக்குக் குளிர் பிடித்திருக்கிறது."
"குளிர்ந்தால் இது இறங்கும், ஏறாது" என்றான்.
ஆனாலும் எனக்காக இணைப்பைச் சற்று இழுத்தான், இன்னும் சற்று,
இனி இழுத்தால் இரண்டாகக் கையில் வரும் என்கிற வரை.
அப்போதும் என் பியானோ அவனுக்குக் கீழே,
பள்ளத்திலிருந்து கூப்பிடுகிறவள் போல.

பதினோரு வருடம் தினமும் தொட்ட கட்டைகள்.
எந்த நாளிலும் அவை கெடவில்லை.
நாளுக்கொரு மயிரிழை இறங்கின,
நானும் கூடவே இறங்கினேன்.
காக்கைக்குத் தன் குஞ்சு.
காதுக்கும்தான்.

செவ்வாயன்று ஒடார்க்கா வந்தாள்.
தரையில் வெப்பக் காற்று வரும் துவாரத்தைப் பார்த்தாள்,
அதை ஒட்டி நிற்கும் பியானோவை,
பிறகு என்னை.

"கோடையில் இதன் பலகை ஈரம் குடித்து உப்பும்.
குளிர்காலத்தில் உலர்ந்து வயிறு ஒட்டும்.
கம்பிகள் சாய்ந்திருப்பது அந்த வயிற்றின்மேல்.
நீங்கள் வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும்
இருநூறுக்கு மேல் கம்பிகள், ஏறக்குறைய பதினெட்டு டன் இழுப்பு,
ராப்பகலாக."

பதினெட்டு டன்.
அதன் தலையில்தான் பெரணித் தொட்டி வைத்து
தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

மூன்று கம்பிகளில் இரண்டின் வாயைக் கம்பளித் துண்டால் அடைத்து
ஒன்றை மட்டும் பேசவிட்டாள்.
பிறகு இரண்டாவதைத் திறந்தாள்.
வவ்வவ்வவ் என்று நடுவே ஓர் அலை,
சாவி திரும்பத் திரும்ப அது சோம்பி, நீண்டு,
நின்றது.
நின்றதைத்தான் நான் கேட்டேன்.

ஒரு கம்பி டப்பென்று அறுந்தது.
உக்ரேனிய மொழியில் அதனிடம் ஏதோ சொன்னாள்,
திட்டு மாதிரி இல்லை.
எல்லாவற்றையும் ஏற்றி முடித்தபோது
முதலில் ஏற்றியவை இறங்கியிருந்தன.
"தெரிந்ததுதான்" என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள்.
"ஏப்ரலில் ஒருமுறை வருவேன். அப்புறம் அக்டோபர்.
விட்டுவிட்டால் பழைய இடத்துக்கே நழுவிப் போகும்."

மூடிக்குள்ளே பென்சிலில் தேதிகள்,
1978 முதல் ஆறு மாதத்துக்கொன்று,
நான் வாங்கிய வருடத்தோடு நின்றிருந்தன.
அடுத்த வரியிலேயே தன் தேதியை எழுதினாள்.
கொஞ்சம் இடைவெளி விட்டிருக்கலாம்.

அவள் போனதும் தெரிந்த ஒன்றை வாசித்தேன்.
சமையலறையில் எல்லா விளக்குகளையும்
யாரோ ஒரே நேரத்தில் போட்டதுபோல இருந்தது.
என் விரல் செய்யும் தப்புகள் அத்தனையும் கேட்டன.
இத்தனை நாள் அவற்றைப் பியானோதான் மறைத்து வைத்திருந்தது.

வெண்டலைக் கூப்பிட்டேன். "நீ சொன்னது சரி."
"எது?" என்றான், இன்னொரு முறை கேட்கும் ஆசையில்.

அடித்தளத்தில் ஹீட்டர் டக்கென்று விழித்தது.
உலர்ந்த காற்று துவாரத்தில் ஏறி
கம்பிகளை நோக்கி நடக்கத் தொடங்கியது.

"ஞாயிற்றுக்கிழமை வா" என்றேன்.
"கையுறை கொண்டு வா.
முதலில் இதை அந்தச் சுவருக்குத் தள்ள வேண்டும்."