நாற்பது ஹெர்ட்ஸ்

டர்பனில் இந்த வண்டிக்குப் பெயர் பக்கி.
தமிழில் அது வசவு என்று
திண்டுக்கல்லிலிருந்து வந்த கோயில் சமையல்காரர்
சொன்ன நாளிலிருந்து
இரண்டு பொருளிலும் கூப்பிடுகிறேன்.

ஒற்றை கேபின். இருக்கைக்குப் பின்னால்
ஒரு சாண் இடம்.
அதற்குள் ஜாக்கி, மழைக்கோட்டு, முட்டைக்கோஸ் ரசீதுகள்,
இப்போது பத்து அங்குல ஸ்பீக்கர் ஒன்று.
பெட்டியைத் தவேந்திரன் செய்தான்.
சமையலறை அலமாரி செய்கிறவன்,
பழக்கத்தில் ஒரு கைப்பிடியும் வைத்துவிட்டான்.

பாஸ் வந்தது. வந்தது என்றால்
நாலு வீடு தள்ளி யாரோ
மெத்தையைத் தட்டுகிற மாதிரி.

ஒன்று போதாது என்றான்.
வெங்காயம் விலை ஏறியிருந்த மாதம்,
சரி என்று இரண்டாவதும் வாங்கினேன்.
மாட்டி முடித்துப் பாட்டைப் போட்டால்
முன்பிருந்ததும் போயிற்று.
இரண்டும் மூச்சுவாங்க உழைக்கின்றன,
கை வைத்தால் தெரிகிறது.
காதுக்கு வெறும் ஜலதோஷம்.

ஷால்கிராஸில் பெகி,
மினிபஸ் டாக்சிகளுக்கு ஒலி கட்டுகிறவன்.
அவன் கட்டிய வண்டி வருவதை
நிறுத்தத்தில் நிற்பவர்கள் முழங்காலில் அறிவார்கள்.
அவன் பாட்டைக்கூடக் கேட்கவில்லை.
பொம்மைக்குப் போடும் சதுர பேட்டரியை
ஒயர் முனையில் தொட்டான்:
இடது கூம்பு வெளியே எம்பியது.
வலதில் தொட்டான்:
உள்ளே சுருங்கியது.
"ஒன்று தள்ளுகிறது, ஒன்று இழுக்கிறது.
நடுவில் காற்று என்ன செய்யும், பாவம்."
எனக்கு இரண்டு அண்ணன்மார், ஒரு மார்க்கெட் ஸ்டால்.
ஞாபகம் வந்தது.
அங்கே ஒயர் எங்கே இருக்கிறதோ.
இங்கே மாற்றிச் சொருகினான்.
ஐம்பது ராண்ட்.

முதல் அடி விழுந்ததும்
பக்கி தன் வயதைச் சொல்லத் தொடங்கியது.
நம்பர் பிளேட் பல்லை நறநறத்தது.
சாம்பல் தட்டில் செல்லாத ஐந்து சென்ட்டுகள் குதித்தன.
கண்ணாடியில் கட்டிய எலுமிச்சம்பழத்துக்கு
அருள் வந்தது.
எட்டு வருடமாகத் தொலைந்திருந்த திருகாணி
கதவுக்குள்ளிருந்து குரல் கொடுத்தது.

ஒரு வாரம் பிடித்தது.
கூரை ஒழுக்குக்கு அடைக்கும் தார்ச்சீட்டை
ஹேர் டிரையரால் இளக்கி
கேபினின் முதுகுத் தகரம் முழுக்க ஒட்டினேன்.
நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் சைக்கிள் டியூப்.
பெட்டியின் மூலைகளுக்கு சிலிக்கான்.
கைப்பிடியை விட்டுவைத்தேன், தவேந்திரன் மனசு நோகும்.
சத்தத்தை ஒரு புள்ளிகூடக் கூட்டவில்லை, கவனியுங்கள்.
மற்றவை வாயை மூடின,
அவ்வளவுதான்.

அதிகாலை மூன்று. டோங்காட்டிலிருந்து
நாற்பது மூட்டை கோஸ்.
வலப்பக்கம் இருட்டில் கரும்பு, இடப்பக்கம் இருட்டில் கடல்.
தொண்ணூறைத் தொட்டபோது
வந்தது அது,
காதுக்கு அல்ல, இருக்கைக்கு.
பெரிய விலங்கு ஒன்று
அடிவயிற்றுக்குக் கீழே படுத்து
நிதானமாக மூச்சுவிடுகிற மாதிரி.
நாற்பது ஹெர்ட்ஸ் இருக்கும்.
அதற்கும் கீழே இருக்கலாம்.
தனியாகச் சிரித்தேன்.
ஐம்பது ராண்ட் ரொம்பக் குறைவு,
பெகியிடம் சொல்ல வேண்டும்.

உம்கேனி பாலம் தாண்டியதும் பாட்டு முடிந்தது.
விளம்பரம். அணைத்தேன்.

பாஸ் நிற்கவில்லை.

வேகம் குறைத்தால் இறங்கியது.
மிதித்தால் ஏறியது.
சாலை இடதுபக்கம் வளைந்தபோது
குரல் தடித்தது.

பின் வலது சக்கரம். பேரிங்.
எத்தனை வாரமாகப் பாடியதோ.
நறநறப்பும் கடகடப்பும் ஒழிந்த பிறகுதான்
சபை அதற்குக் கிடைத்திருக்கிறது.

ஓரம் கட்டி, சக்கரத்தின் நடுவில் கை வைத்தேன்:
தோசைக்கல்.
ஒரு டாக்சி கடந்து போயிற்று,
பெகி கட்டியதுதான், முழங்கால் சொன்னது.
போனில் தவேந்திரனை எழுப்பினேன்.
கயிறு இருக்கிறதா, வேறு வண்டி கிடைக்குமா,
ஐந்துக்குள் மார்க்கெட் போக வேண்டும் என்றேன்.
"என்ன மாதிரி சத்தம்?" என்றான் கொட்டாவியோடு.
கொஞ்சம் யோசித்து
உள்ளதைச் சொன்னேன்:
"நன்றாக இருந்தது."