மூலையில் ஒரு திகதி

கிளிநொச்சி டிப்போச் சந்திக்குக் கிட்ட
மிக்ஸி திருத்துகிற கடையில்தான்
பழைய கமராக்களும் கிடந்தன,
கண்ணாடிப் பெட்டிக்குள், போன் சார்ஜர்களோடு.
"எத்தினை மெகாபிக்சல் வேணும் அக்கா?" என்றான் சசிரூபன்.
யானையின் கால்தடம் தெரிய எத்தனை வேணும் என்று கேட்டேன்.
அவன் சிரிக்கவில்லை. யோசித்தான்.
அதனால்தான் அவனிடம் வாங்கினேன்.

வெள்ளி நிறத்தில் ஒன்று, வடிவு, சீப்பைப்போல மெலிசு.
அதன் பெற்றரி அதற்கு மட்டுமே பொருந்தும்.
செத்தால் கொழும்புக்குச் சொல்லவேணும்.
கறுப்பில் ஒன்று, கொஞ்சம் குண்டு,
பென்டோர்ச் பெற்றரி இரண்டு போட்டால் ஓடும்.
அது முத்தையன்கட்டில் பாண் விற்கிற கடையிலும் உண்டு.
"டிஜிற்றல் சூமை நம்பாதேங்கோ.
அது கிட்டப் போறதில்லை, பெருப்பிச்சுக் காட்டுறது.
கிட்டப் போகவேணுமெண்டால் நடவுங்கோ."
யானைக்குக் கிட்டவோ?
"யானை போனாப் பிறகு, அக்கா."

கமக்கார அமைப்பின் காசு, ஏழாயிரத்து ஐந்நூறு.
சிட்டை கேட்டு வாங்கினேன்,
பொருளாளர் குகபாலர் சும்மா விடமாட்டார்.

இழப்பீட்டுக்குப் படம் வேணும்,
படத்தின் மூலையில் திகதி வேணும்.
போன வருசம் என் பட்டன்போனில் எடுத்ததை
"இது யானையோ, இருட்டோ" என்று திருப்பிவிட்டார்கள்.

விடிய ஐந்தரைக்கு வரம்பில் நின்றேன்.
பால் பிடித்த கதிர் பாய்போலப் படுத்திருந்தது.
பொத்தானை அரைவாசி அமத்தவேணும்,
பெட்டி பச்சையாகும்வரை மூச்சை வைத்திருக்கவேணும்,
பிறகு மிச்ச அரைவாசி.
இந்தக் கமராவுக்கு முகங்கள் விருப்பம்.
எங்கே திருப்பினாலும் முகம் தேடும்.
சேற்றில் பதிந்த தடத்தைக் காட்ட
அதைச் சுற்றி ஒரு மஞ்சட் சதுரம் கட்டி
"கீக்" என்றது சந்தோசமாய்.
அளவு தெரிய என் செருப்பைப் பக்கத்தில் வைத்தேன்,
ஏதோ குழந்தையின் செருப்பைப்போல விழுந்தது.
தன் வயலையும் எடுக்கச் சொல்லி ஓடிவந்த நகுலா
வாய்க்காலில் சறுக்கிச் சேற்றில் இருந்து
மூன்று பரப்புப் போனதை மறந்து சிரித்தாள்.
அதுவும் விழுந்தது.
பதினாலு படம்.

கந்தோரில் இருந்த பெடியன்
கணினியில் பெருப்பித்துப் பார்த்தான்.
"அக்கா, இதிலை இரண்டாயிரத்து ஒன்பது
தை முதலாம் திகதி எண்டெல்லோ கிடக்கு."

பெற்றரியைக் கழற்றிப் போட்டால் கமரா
தான் செய்யப்பட்ட காலத்துக்கே திரும்பிவிடுமாம்.
எல்லாப் படத்தின் மூலையிலும்
செம்மஞ்சளில் அதே நாள்.

அன்றைக்கும் கதிர் பால் பிடித்துத்தான் நின்றது.
யானை வரவில்லை.
நாங்கள் விசுவமடுப் பக்கம்,
உழவு மெசின் பெட்டியில்,
அரிசி மூட்டைக்கு மேல், சட்டி பானைக்கு நடுவில்.
அறுக்காமல் விட்ட வயலுக்கு ஒருவரும் படிவம் தரவில்லை,
படம் கேட்கவுமில்லை.
இதை நான் சொல்லவில்லை.
அவனுக்கு அப்போது பத்து, பதினொரு வயது இருக்கும்.
அவனும் கொஞ்சநேரம் அந்த மூலையையே பார்த்தான்.
பிறகு, "திகதியைத் திருத்திப்போட்டு
இன்னொருக்கா எடுத்துக்கொண்டு வாங்கோ."

மழை பிடிக்கமுன் போய் எடுத்தேன்.
தடம் பாதி கரைந்திருந்தது.
கமரா சதுரம் கட்டவில்லை.
திகதி சரி, படம் சுமார்.
விண்ணப்பம் போய் நாலு மாதம்.

முந்தின பதினாலையும் அழிக்கச் சொல்கிறான் சசிரூபன்.
காட்டில் இடம் காணாதாம்.
யானைக்கும் அதுதானே பிரச்சினை என்றேன்,
இந்தமுறை சிரித்தான்.
அழிக்கவில்லை.
அந்த நாளுக்கு இப்போது பதினாலு படம் இருக்கிறது.
ஒன்றில் நகுலா
சேற்றில் இருந்துகொண்டு சிரிக்கிறாள்.