உற்பத்தி நாடு

ஏதோ ஒரு புளித் தண்ணீரைக் குடிக்கத் தந்து
அரை மணித்தியாலம் இருத்தி
ஊதச் சொன்னார்கள், ஊதினேன்.
வெள்ளிப் பை உப்பியது.
இருபத்தொரு வருடம் துறைமுகத்தில்
பிறர் சரக்குக்குக் கணக்கெழுதியவன்
அன்றைக்குத்தான் என் மூச்சுக்கு
லேபல் ஒட்டிக் கையளித்தேன்.

மூன்றாம் நாள் டொக்டர் பரீனா
மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் கீறினா.
"ஆள் இருக்கிறான்" என்றா.
போத்தல் தக்கை கழற்றும் திருகு போல உடம்பு,
வாலில் நாலைந்து மயிர்.
அவ்வளவு புளிப்பிலும்
தன்னைச் சுற்றி
அமோனியாவில் ஒரு மழைக்கோட்டு தைத்துக்கொண்டு
சளிக்குள் புகுந்து
சுவரோடு சாய்ந்து குடியிருக்கிறான்.
வாடகை இல்லை. பொலிஸ் பதிவு இல்லை.

"அவன் இரைப்பையில்.
எனக்கு நோவது தொப்புளுக்குக் கீழே அல்லவா?"

பேனையைக் கீழே இறக்கிக் குடலை வரைந்தா.
அதன் ஓரம் பெட்டி பெட்டியாய்,
ஒற்றை வரிசை.
"இவ்வளவுதான் மதில். ஒரு கலத் தடிப்பு."

சிரித்துவிட்டேன்.
நாற்பத்தாறு வருடமாய்
ஒரு கலத்துக்கு இந்தப் பக்கம் நானும்
அந்தப் பக்கம் ஆமர் வீதிக் கொத்துரொட்டியுமாய்
இருந்திருக்கிறோம்.

கலத்துக்கும் கலத்துக்கும் நடுவில் தையலாம்.
தையல் தளர்ந்தால்
வரக்கூடாத துணுக்குகள் உள்ளே வரும்,
செத்த கிருமியின் தோல்,
அரைபட்டும் படாத புரதம்.
காவல் ஓடி வரும்.
காவல் வந்தால் வீக்கம், சூடு, சிவப்பு.
பிறகு காவலின் பூட்ஸ் மிதித்தே
மீதித் தையலும் பிரியும்.

இதை எனக்குக் கீறிக் காட்டத் தேவையில்லை, டொக்டர்.
நான் கொட்டாஞ்சேனைக்காரன்.

"அப்ப மேலே இருக்கிறவன்தான்
கீழே தையலைப் பிரிக்கிறானா?"
"அப்படி நினைக்க இடமிருக்கு.
அவன் இருந்தால் அமிலம் மாறும்,
கீழே போய்ச் சேரும் கூட்டமும் மாறும்.
அவன் கக்கும் நஞ்சும் இருக்கு.
ஆனால் எல்லாருக்கும் இல்லை.
சிலருக்குள் சும்மா கிடந்து
அவர்களோடேயே சாகிறான்.
உங்களுக்கு அவனால்தான் என்று
என்னால் நிச்சயமாய்ச் சொல்ல ஏலாது."

இந்தக் கொழும்பில் ஒருவர்
நிச்சயமாய்ச் சொல்ல ஏலாது என்று சொல்லிக்
காசு வாங்கியது
எனக்குப் பிடித்திருந்தது.

"எங்கேயிருந்து வந்தவன்?"
தொழில் பழக்கம். சுங்கப் படிவத்தில்
அந்தக் கட்டம் வெறுமையாய் இருந்தால்
கொன்டெய்னர் அசையாது.

"அநேகமாய்ச் சின்ன வயதில், வீட்டுக்குள்ளேயே.
வாயிலிருந்து வாய்க்கு."

பஸ்ஸில் இருக்கக் கிடைக்கவில்லை.
கம்பியைப் பிடித்தபடி மருதானை தாண்டும்போது
ஞாபகம் வந்தது
எண்பத்து மூன்று, பள்ளிக்கூட மண்டபம்.
எங்களுக்கு வீடு இல்லாத ஆடி மாதம்.
லொறியில் வந்த பாண்
இரண்டு நாளில் கல்.
முன்பல் விழுந்த எனக்கு
அம்மா அதைக் கடித்து, மென்று,
பதம் பார்த்து,
விரலால் எடுத்து என் வாய்க்குள் வைத்தா.
தான் விழுங்கவில்லை.

பதினாலு நாள் மாத்திரை.
வாயெல்லாம் செப்புக்காசு ருசி.
சுற்றிவளைப்பு மாதிரித்தான் அதுவும்,
நல்லவன் கெட்டவன் பாராமல்
எல்லாரையும் ட்ரக்கில் ஏற்றும்.
ஒன்பதாம் நாள் இரவு
கையில் வைத்துக்கொண்டே இருந்தேன்.
அவ தந்து மிச்சமாய் இருப்பது
இது ஒன்றுதானே என்று ஒரு விசர் யோசனை.
திலகேஸ்வரி
மாத்திரை அட்டையை எண்ணிவிட்டு
என்னைப் பார்த்தாள்.
விழுங்கினேன்.

வயிறு கொஞ்சம் பரவாயில்லை.
மாத்திரையாலா, கொத்து நிறுத்தியதாலா, தெரியாது.

புதன்கிழமை மகனும் ஊதப் போகிறான்.
சின்னதில் அவனுக்குக் கஞ்சி ஆற்றிய கரண்டியை
ஒவ்வொரு முறையும்
முதலில் என் நாக்கில்தான் வைத்துப் பார்த்தேன்.
அந்தக் கட்டத்தை நிரப்ப
யாரையும் கேட்கத் தேவையில்லை.