திரும்பி வராத நூல்

அல்ஹெசிராஸில் லெவாந்தே அடித்தால்
துறைமுகத்துக் கிரேன்கள் நின்றுவிடும்.
தேதி குறித்தது மருத்துவமனை,
காற்று தானாக வந்து சேர்ந்தது.
"ஒருநாள் விடுப்பு மிச்சம்" என்றாள் நியேவெஸ்,
ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி.

நாற்பது மீட்டர் உயரத்தில் அவளுக்கு ஒரு கண்ணாடிக் கூண்டு.
காலடியிலும் கண்ணாடி.
கழிப்பறை கிடையாது.
இருக்கையில் விரிக்க ஒரு கறுப்புத் துண்டு,
ஷிஃப்ட் முடிந்ததும் சுருட்டிப் பைக்குள்.
மாதத்தில் பதினொரு நாள் இப்படி.
இரண்டு வருடம்.
ஹீமோகுளோபின் ஏழரை.
"சுற்றிலும் இத்தனை இரும்பு,
எனக்கென்று ஒரு துளி ஒட்டமாட்டேன் என்கிறது."
பரிசோதனைக்கு வந்த அன்று சொன்னாள், சிரிக்காமல்.

இப்போது தலை தாழ்ந்து கால் உயர்ந்து கிடக்கிறாள்.
தொப்புளில் ஒரு துளை, பக்கங்களில் மூன்று.
டாக்டர் இட்சியார் திரையைப் பார்த்தபடி
நீளக் குச்சிகளின் நுனியில் வேலை செய்கிறார்.
(நீங்களும் கிரேன்தான் என்று
இவரிடமும் அவள் சொல்லியிருக்கிறாள்.)
கருப்பைச் சுவரிலிருந்து கட்டி கழன்றுவிட்டது:
வெள்ளை வெளேரென்று,
வெட்டிய வெங்காயம்போல் சுழி சுழியாய்,
ஓர் ஆரஞ்சின் பருமன்.
அது கிடந்த பள்ளம்தான் இப்போது பிரச்சினை.
ரத்தம் ஊறுகிறது. கடிகாரம் ஓடுகிறது.

நான் உறையைக் கிழிக்கிறேன்.
ஊதா நூல்.
ஒரு முனையில் ஊசி, மறுமுனையில் சின்னக் கண்ணி.
உடம்பெங்கும் முள்.
கண்ணுக்குத் தெரியாது, கையுறைக்குத் தெரியும்.
எல்லா முள்ளும் ஒரே பக்கம் சாய்ந்தவை.
முடிச்சே வேண்டாம்.
பார்லிக் கதிரைத் தம்பியின் சட்டைக் கைக்குள் விட்டிருக்கிறேன்,
ஹெரேஸ் பக்கத்து வயலில், எனக்கு எட்டு வயது.
அசைய அசைய அது தோளுக்குத்தான் ஏறும்.
இழுத்தால் வராது. அழுவான்.

ஊசி போன வழியே நூலும் போகிறது,
போன வழியே திரும்புவது மட்டும் இல்லை.
ஒரு கடி, இழு.
ஒரு கடி, இழு.
பள்ளத்தின் உதடுகள் நெருங்கி வருகின்றன,
பிடித்துக்கொள்ள யாரும் இல்லாமலே.
அடுத்த கடி மேலாக விழுந்துவிட்டது.
சாதா நூலென்றால் உருவிவிட்டு மறுபடி தைக்கலாம்.
டாக்டர் பாஸ்க் மொழியில் ஏதோ சொன்னார்.
மேலடுக்கை இன்னும் ஆழமாய் எடுத்தார்.

கடைசியில் கத்தரி.
இதற்குத்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும்.
இரண்டு குளிர்காலத்துக்கு முன்
தரீஃபாவிலிருந்து ஒருத்தி, பேக்கரிக்காரி.
நூலின் வால் அரை சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தது.
பார்த்தேன். சொல்லவில்லை.
கருவி எடுத்துக் கொடுப்பவள் பேசும் வழக்கமில்லை.
பதினேழாம் நாள் பச்சையாய் வாந்தியெடுத்தபடி வந்தாள்.
துணியில் ஏறிய நாயுருவிபோல்
அந்த வால் குடலைப் பற்றியிருந்தது.
பிழைத்தாள். எங்களுக்கு ரொட்டிகூட அனுப்பினாள்.
என்னால் தின்ன முடியவில்லை.

"ஒட்ட" என்றேன்.
டாக்டர் திரும்பிப் பார்த்தார்.
"இன்னும் ஒட்ட."
நறுக்கினார்.
தையலின்மேல் சவ்வுபோல் ஒரு துணியைப் போர்த்தினார்,
அது நான் கேட்காதது.
ஊசி எண்ணினேன், சரி.
வெட்டிய துண்டு எண்ணினேன், சரி.

மாலையிலும் ஜன்னல்கள் அதிர்ந்துகொண்டிருந்தன.
"எத்தனை முடிச்சு?"
நியேவெஸின் நாக்கு இன்னும் தடித்திருந்தது.
ஒன்றுமில்லை என்றேன்.
"பிறகு எப்படி நிற்கும்?"
கதிரைச் சொன்னேன், தம்பியைச் சொன்னேன்.
வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "சிரிக்க வைக்காதே."
கொஞ்ச நேரம் கழித்து,
"காற்று நாளைக்கு நிற்குமா?"
நிற்காது போலிருக்கிறது.
"நல்லது.
நேற்று அவசரமாக இறங்கச் சொல்லிவிட்டார்கள்.
துண்டு கூண்டிலேயே இருக்கிறது."