எதிர்க் கடையின் கணக்கு

புன்டா அரேனாஸில் பெருங்காற்று வீசும் நாட்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுவார்கள்,
ஆட்கள் பிடித்துக்கொண்டு கடக்க.
அந்தக் கயிற்றைப் பிடித்தபடிதான்
ஓவிடியா மன்சீயா என் அலுவலகத்துக்கு வந்தாள்,
கோட்டுக்குள் ஒரு நோட்டோடு.

சலவைக் கடை அவளுக்கு. இரண்டு இயந்திரம், ஓர் உலர்த்தி.
நண்டுப் படகுக்காரர்களின் கம்பளிச் சட்டைகள்,
ஆட்டுக்கு மயிர் கத்தரிப்பவர்களின் கொழுப்பேறிய கால்சட்டைகள்,
வீட்டுக்குள்ளே விடாத துணிகள்.
அந்த வாடையைப் போக்கும் பக்குவம் அவளுக்குத் தெரியும்:
வினிகர், சாம்பல், இன்னும் எதுவோ. சொல்ல மாட்டாள்.
வெள்ளிக்கிழமைக்குள் வரிக் கணக்கு காட்ட வேண்டும்.

நோட்டைத் திறந்தேன்.
முத்து முத்தான எழுத்து. ஒரு நாள் விடுபடவில்லை.
மார்ச் மூன்று: பதினேழு பேர்.
மார்ச் நான்கு: இருபத்திரண்டு,
அதில் ஹோட்டல்காரர் ஒருவர், ஆறு மூட்டை.
ஜூன் பத்து: பனி. ஆனாலும் பதினொன்று.
ஜூன் பதினான்கு: புதிதாய் இரண்டு இயந்திரம் இறங்கின.
கொண்டுவந்த லாரியின் எண்கூட இருந்தது.

பரவாயில்லையே, நன்றாகத்தான் ஓடுகிறது என்றேன்.
"அது என் கடை இல்லை" என்றாள்.
"எதிரே. யத்ராங்காவுடையது."

அப்படியானால் உங்களுடையது?

கடைசிப் பக்கத்துக்குப் புரட்டினாள்.
பென்சிலில் நான்கு வரி.
அதில் ஒன்று சோப்புத்தூள் கடன்.

மெல்ல மெல்லச் சொன்னாள்.
யத்ராங்கா விலைப்பலகையில் பூ வரைந்தாள்,
இவளும் வரைந்தாள்.
யத்ராங்கா லாவெண்டர் திரவம் வாங்கினாள்,
இவள் வினிகரை நிறுத்தினாள்.
ஒரு மாலை சன்னலோரம் நின்று
எதிர்வாசலை எண்ணிக்கொண்டிருந்தபோது
(பதினெட்டு, பத்தொன்பது)
பின்னால் யாரோ இருமினார்கள்.
கொஞ்சம் பொறுத்து, மறுபடியும்.
இவள் திரும்பியபோது கதவு ஆடிக்கொண்டிருந்தது.
தரையில் ஈரச் செருப்புத் தடம்.
எதிர்வாசலில் இருபதாவதாக நுழைந்தவர் அவர்தான்.
அதையும் எழுதிக்கொண்டாள்.

கண் பட்டுக் கெட்ட கடைகளைக்
கேள்விப்பட்டிருக்கிறேன்.
கண் படாமலே கெட்டது இது ஒன்றுதான்.

என் சன்னலுக்கு வெளியே ஜலசந்தி.
இக்கரைக்கு அக்கரை பச்சை என்பது
இங்கே பொருந்தாது.
அக்கரையிலும் இதே பழுப்புப் புல்,
இதே ஆடு, இதே காற்று.
தெளிந்த நாளில் எல்லாம் தெரியும்.
தெரிந்தும் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

மின்கட்டணச் சீட்டுகளை எடுத்துவரச் சொன்னேன்.
அடுத்த நாள் பிஸ்கட் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தாள்.
ஆகஸ்டில் இயந்திரங்கள்
ராப்பகலாய் ஓடியிருக்கின்றன.
யாருக்காக?
விரலால் நெற்றியைத் தேய்த்தாள்.
"நண்டுப் படகு ஆட்கள். மூன்று படகு.
அவர்கள் எப்போதும் வருகிறவர்கள்தானே,
அவர்களை எங்கே எண்ணுவது!"

எண்ணினோம்.
ஒவ்வொரு படகாக, ஒவ்வொரு மூட்டையாக.
காற்று கதவை உலுக்கிக்கொண்டே இருந்தது.
கூட்டி முடித்தபோது லாபம் வரவில்லை.
நட்டம்தான். ஆனால் நினைத்திருந்ததில் பாதி;
அதைவிட, அது அவளுடைய நட்டம்.
அந்த எண்ணை வெகுநேரம் பார்த்தாள்,
வேறெங்கோ வளர்ந்த தன் பிள்ளையைப்
பார்ப்பதுபோல.
"வினிகர் வாங்கணும்" என்று எழுந்தாள்.

நோட்டை என் மேசையிலேயே விட்டுப் போய்விட்டாள்.

இப்போது இரவு ஒன்பது மணி.
தெருவுக்கு அந்தப் பக்கம்
கணக்கர் மாத்துலிச்சின் அறையில்
விளக்கு இன்னும் எரிகிறது.
இன்று அவரிடம் வந்தவர்கள் பதின்மூன்று பேர்.
எனக்கெப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.
நோட்டில் வெற்றுப் பக்கங்கள்
இன்னும் நிறைய இருக்கின்றன.