என்ன வேஷம், ஆன்ட்டி?

ஏழு நாற்பதுக்கு அழைப்பு மணி.
கேஸ்காரர் என்று நினைத்து
அப்படியே திறந்துவிட்டேன்.
வாசலில் ஒரு எலும்புக்கூடு, இரண்டு ரத்தக்காட்டேரி,
கண்ணுக்கு ஓட்டை போட்ட போர்வைக்குள்
இடுப்புயரப் பேய் ஒன்று.
ஃபேர்லேண்ட்ஸில் எங்கள் அப்பார்ட்மென்ட்டுக்கு
மூன்று வருடமாகத்தான் ஹாலோவீன் வருகிறது.
அதற்கு முன்பு அது
வாடகைக்கு முந்தின நாள், அவ்வளவுதான்.

பேய்கள் கத்தவில்லை.
என் தலையைப் பார்த்தன.
நாலாவது கீமோ முடிந்து பதினோரு நாள்.
விக் குளியலறைக் குழாயின் மேல் காய்கிறது.

போர்வை கேட்டது:
"நீங்க என்ன வேஷம், ஆன்ட்டி?"

*

குகையில் நான் பிறந்த தெருவுக்கு
பேயும் சாமியும் ஆடியில் வரும்.
மாரியம்மனுக்கு வண்டி வேடிக்கை.
சீரியல் பல்பு சுற்றிய வண்டியில்
சிவன் வருவார், கையில் வாட்ச்சோடு.
பக்கத்தில் பார்வதி,
காலையில் மழித்த தாடை
பவுடரை மீறிப் பச்சையாய்த் தெரிய.
ஐந்து வயதில் எமனைப் பார்த்துப்
பாவாடையை நனைத்தேன்.
எமன் இறங்கி வந்து சோடா கேட்டார்.
எங்கள் கடையில் பாக்கி வைத்திருந்த அதே எமன்.

பயம் போயிற்று.
ஆசை வந்தது. அது இன்னும் மோசம்.
"பொம்பளப் புள்ளைக்கு வண்டியில என்ன வேல?"
சொல்லிக்கொண்டே அம்மா
என் பச்சைத் தாவணியை
அண்ணன் செங்கோடன் இடுப்பில் கொசுவினாள்.
அவன் காளி.
என் வளையல் அவன் கையில் ஏறவில்லை.
சோப்பு போட்டு ஏற்றியதில் இரண்டு உடைந்தது.
அந்த ராத்திரி குகையே திரண்டு
என் தாவணியைக் கும்பிட்டது.
நானும் கும்பிட்டேன், கூட்டத்தில் நின்று,
பல்லைக் கடித்துக்கொண்டு.
எனக்குப் பதினைந்து வயது.

*

ஹேமப்பிரியா இரண்டாம் வகுப்பில்
ஒரு சர்க்குலர் கொண்டுவந்தாள்.
பூசணிக்காயாக வர வேண்டுமாம்.
ஆரஞ்சு லைனிங் துணி, தலையணைப் பஞ்சு,
ஒரு மணி வரை தையல் மிஷின்.
பூசணிக்கு முகம் வரைவதெல்லாம் நமக்குப் புதிதா?
பாதி கட்டிய வீட்டிலெல்லாம்
மீசையோடு தொங்குகிறதே.
ஆயுத பூஜை முடிந்தும் ஐந்து ரோட்டில்
குங்குமம் அப்பிய துண்டுகளில்
ஸ்கூட்டர்கள் வழுக்கிக்கொண்டிருந்த வாரம் அது.
என் பூசணி படியிறங்கத் தெரியாமல்
பக்கவாட்டில் நடந்து போனது.
அந்த வயதில் எனக்கு ஹாலோவீன் என்றால் ஊக்கு.
வாயில் கவ்விய ஆறு ஊக்கு,
அவற்றின் இடுக்கில் ஒரு "ஆடாம நில்லுடீ".

இன்று மத்தியானம்
பெங்களூரு ஆபீஸிலிருந்து வீடியோவில் வந்தாள்.
கன்னம், கழுத்து, சட்டைக் காலர் எல்லாம் ரத்தம்.
"டூப்புமா. நூத்திருபது ரூபா."
காலையில்தான் லேபில்
நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தி
என்னுடையதை எடுத்தார்கள்.
அதற்கும் நான்தான் பணம் கட்டினேன்.
சொன்னேன். சிரித்தோம்.
யார் முதலில் நிறுத்தியது என்று தெரியவில்லை.

*

போர்வை பதிலுக்கு நிற்கிறது.
வீட்டில் மிட்டாய் இல்லை.
தட்டுவடை இருந்தது.
பீட்ரூட் துருவல், கேரட் துருவல், இரண்டு சட்னி,
செட்டாக வைத்து நீட்டினேன்.
ஒரு காட்டேரிக்குக் காரம் தாங்கவில்லை,
கண்மை தாடைவரை ஓடியது.
இப்போதுதான் கொஞ்சம் பயமாக இருந்தாள்.

கலைச்சிட்டேன்டா, வேஷத்தைக் கலைச்சிட்டேன்,
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் எலும்புக்கூடு,
பி பிளாக் கவின்நிலவன்,
விரலை நக்கியபடி தீர்ப்புச் சொன்னான்:
"செமயா இருக்கு ஆன்ட்டி. ஒரிஜினல் மாதிரியே."

போர்வைக்குள்ளிருந்து பிசுபிசுத்த கை ஒன்று
என் நைட்டியைப் பிடித்தது.
"வாங்க. சி பிளாக் இன்னும் பாக்கி."

விக்கை எடுக்கவில்லை.
செருப்பை மட்டும் மாட்டினேன்.
சி பிளாக் வராந்தா ஜன்னலில்
சேர்வராயன் மலை, கறுப்பாக.
கொண்டை ஊசி வளைவுகளில் யாருடைய வண்டியோ
விளக்கோடு ஏறியது, மறைந்தது, ஏறியது.

முந்நூற்று நாலு.
அசோசியேஷன் தலைவர் வீடு.
மூன்று மாதமாக லிஃப்ட்டில்
மாடி எண்களையே படித்துக்கொண்டு வருபவர்.
போர்வைக்கு மணி எட்டவில்லை.
"நீங்க அமுக்குங்க ஆன்ட்டி."

வளையலில்லாத கையால் அமுக்கினேன்.
உள்ளே
நாற்காலி நகரும் சத்தம்.